லிமிட் நிறைந்த கார்டு

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் நான் கேஷியர். எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து அங்கே வேலைக்கு வந்த பத்துப் பேரில் கிரெடிட் கார்டு என்னிடம் மட்டுந்தான் இருந்தது. ஒருவருக்கு மொபைல், இன்னொருவருக்குத் தங்கை கல்யாணத்துக்கு ஃபிரிட்ஜ், எல்லாம் என் கார்டில்தான். சம்பள நாளன்று பணத்தை எண்ணிக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒருவரும் ஏமாற்றியதில்லை. நானும் பில்லை ஒருநாள்கூடத் தாமதித்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மணக்காட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்க முடிவு செய்தார்.

"ஒன்பது வருஷமா இருக்கீங்க. நீங்களே வாங்கிக்கறதுன்னா ஓணம் வரை காத்து நோக்கும். அது கழிஞ்சா வேற ஆளுக்குக் கொடுப்பேன்" என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

நாங்களே வாங்கிவிடலாம் என்று நினைத்தோம். முன்பணத்துக்கு மனைவியின் நகை இருந்தது. மீதிக்கு வங்கிக் கடன் கேட்கப் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணாச்சி, பில் கட்டுறதெல்லாம் கரெக்டாணு. பட்சே ஒரு லட்சம் லிமிட்டில மாசாமாசம் தொண்ணூறாயிரம் எடுக்குறீங்களல்லோ. பில் போடுற அன்னைக்கு உள்ள பாக்கிதான், கடன் கொடுக்க நாங்க பாக்குற கிரெடிட் ஸ்கோர்ல தெரியும். கையில காசில்லாத ஆள்னு தோணும்."

"அதெல்லாம் எனக்கு வாங்கினதில்ல, மேடம்."

"கம்ப்யூட்டருக்கு அது தெரியாதல்லோ. கொஞ்ச மாசம் கொறச்சு எடுங்க, ஸ்கோர் ஏறும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எல்லா வில்லங்கமும் இந்தக் கார்டால்தானே என்று, பாக்கியைக் கட்டி அதையே மூடச் சொல்லிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. இருபதாயிரம் லிமிட்டில் இன்னொரு சின்னக் கார்டு இருந்தது. அடுத்த மாதம் அதில் எங்கள் பரோட்டா மாஸ்டர் ஒரு மொபைல் வாங்கினார், பதினெட்டாயிரம் நின்றது. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் போனால், ஸ்கோர் இன்னும் இறங்கியிருந்தது.

"அய்யோ, பெரிய கார்டை எதுக்கு க்ளோஸ் பண்ணினீங்க? மொத்த லிமிட்டில எத்தனை பங்கு பாக்கின்னுதான் ஸ்கோர்ல பாப்பாங்க. இப்ப உங்க மொத்த லிமிட்டே இருபதாயிரம். அதில பதினெட்டும் பாக்கி" என்றார் அந்த அம்மாள். அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது.

ஓணம் முடிந்த வாரம் வீட்டை வேறொருவர் வாங்கினார். நாங்கள் காலி செய்த அன்று ஹோட்டலிலிருந்து நான்கு பேர் வந்து சாமான் ஏற்றிக் கொடுத்தார்கள். நல்லவர்கள்தான். அத்தனை வருடத்தில் என் கார்டில் எவ்வளவு லட்சம் ஓடியிருக்குமோ தெரியாது. எங்கள் சாமான் எல்லாம் ஒரே பெட்டி ஆட்டோவில் அடங்கிவிட்டது. மனைவி அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.