வறுத்த மண்

உன்டிங், மெரான்டி என்னும் உயரமான காட்டு மரங்களைச் சாய்த்தவர். மரக் கம்பெனிக்காக இளமை முழுக்க மெஷின் ரம்பம் பிடித்த கை. காடு தீர்ந்தது. எரித்தார்கள், எண்ணெய்ப் பனை வைத்தார்கள். பனையும் பிடிக்காத மேட்டில் புல் மட்டும் நின்றது. அங்கே மறுபடி மெரான்டி வளர்க்கலாம் என்று நாற்றங்கால் ஒன்று போட்டபோது, அவரும் மனைவி யூர்னியும் வேலைக்கு வந்தார்கள். நான் அங்கே ஸ்டோர் பார்த்தேன்.

விதை முளைக்கும். இரண்டு இலை விடும். பிறகு மஞ்சளாகி அப்படியே நின்றுவிடும். உரத்துக்கும் அசையவில்லை. உன்டிங் நாற்றுப் பையைக் கிழித்து வேரைப் பார்ப்பார். மொட்டையாக, வழுவழுவென்று இருக்கும்.

"அதுக்கு என்னைத் தெரியுது, தம்பி" என்றார் ஒருநாள். "வெட்டினவன் கையால தண்ணி குடிக்க மாட்டேங்குது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று விலகி, மேலே பார்ப்பார். மரம் முறியும் சத்தம் கேட்டதாம். மேலே வானம்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து நானும் வெட்டவெளியில் அண்ணாந்து பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

ஒரு நாற்றாவது தன் கையால் பிழைக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

மண் பார்க்க வந்த பெண்மணி வேரை விரலால் நீவிவிட்டுச் சொன்னார்: இந்த மரம் தனியாகச் சாப்பிடாது, வேரில் ஒட்டி வாழும் பூஞ்சை ஊட்டிவிட வேண்டும். வெட்டி, எரித்து, வெயிலில் காய்ந்த மேட்டில் அது செத்துவிட்டது. பெரிய தாய்மரத்தடியிலிருந்து மண் கொண்டுவந்து பையில் கலக்க வேண்டும்.

தாய்மரம் மிச்சமிருந்தது ஒரே இடத்தில். ஆற்று வளைவில், ஆவிகள் குடியிருக்கும் தோப்பு. ரம்பம்கூட நுழையாத இடம்.

"ரம்பம் பிடிச்சப்ப வராத பயம் கூடையைப் பிடிச்சா வருதாக்கும்?" என்றார் யூர்னி.

"அப்ப நான் அதுக்குள்ள போகல. இப்ப அங்கிருந்து எடுத்துட்டு வரச் சொல்றாங்க. மண்ணோட யார் வருவாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

ஆனாலும் போனார். அரிசியும் முட்டையும் படைத்து, ஆவிகளிடம் கேட்டுக்கொண்டு எடுத்தார். திரும்பியதும் மூட்டையை அவிழ்த்துக் காட்டியபோது கறுப்பு மண்ணில் வெள்ளை இழைகள் பின்னிக் கிடந்தன. நல்ல வாசனை. எனக்கு மட்டும் ஏனோ குளிர்ந்தது.

அந்த மண்ணைப் போட்டும் நாற்று மஞ்சளாகவே நின்றது. உன்டிங் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். பிறகு ஒரு காலை, யூர்னி கருகிய வாணலியோடு நாற்றங்காலுக்கு வந்தார்.

"இதுல என்ன வறுத்தீங்க, டெபோரா அப்பா?"

மகள் பேரைச் சொல்லி அவர் கூப்பிட்டால் தப்பிக்க முடியாது.

"மண்ணு."

"மண்ணா! உப்புப் போட்டீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். உன்டிங் சிரிக்கவில்லை. அந்தத் தோப்புப் பொருள் எதுவும் நெருப்பில் படாமல் மனிதர் புழங்கும் இடத்தில் தங்கக்கூடாது. அது ஊர் வழக்கம். பையில் கலப்பதற்கு முன்பே, யூர்னி சர்ச்சுக்குப் போயிருந்தபோது, மூட்டை மண் முழுவதையும் புகை அடங்கும்வரை வறுத்திருக்கிறார்.

"அதுல இருந்ததெல்லாம் போயிரட்டும்னுதான்…"

யூர்னி வாணலியைக் கீழே வைத்தார். கேலி எல்லாம் போய்விட்டது.

"அதுல இருந்தவங்களைத்தானே கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

மறுபடி போனார் உன்டிங். இந்தமுறை மண்வெட்டி இல்லை, கையால் அள்ளினார். ஈரம் காயாமல் வாழையிலையில் பொதிந்து, நெருப்பு மூட்டாமல், தலை குனிந்தபடி நேரே கொண்டுவந்து புதுப் பைகளில் கலந்தார். அன்றிலிருந்து, அந்தப் பைகள் இருந்த கடைசி வரிசைக்கு அவர் தனியாகப் போகவில்லை. நானும் போகவில்லை, உண்மையைச் சொன்னால்.

மழைக்காலம் முடிவதற்குள் இலைகள் சிவந்து துளிர்த்து, பச்சையாயின. வேர் நுனிகள் தடித்து, வெள்ளைப் பூஞ்சையைச் சட்டையாகப் போட்டிருந்தன. மண் பார்க்கும் பெண்மணி கைதட்டினார்.

மேட்டில் முதல் நாற்றை உன்டிங் நட்டார். சுற்றி மண் தள்ளி, உள்ளங்கையால் அழுத்தினார். அழுத்திய கையை எடுக்கவில்லை.

"எந்திரிங்க" என்றார் யூர்னி.

"உள்ள இழுக்குறாங்க."

"யாரு?"

அவர் ஆற்று வளைவுப் பக்கம் பார்த்தார். யூர்னி பக்கத்தில் குந்தி, தன் கையையும் அதன்மேல் வைத்தார். கொஞ்ச நேரம் எதையோ கவனிப்பதுபோல் இருந்தார்.

"இழுக்கட்டும்" என்றார் மெதுவாக. "அவங்களுக்கும் பசிக்கும்."