இரண்டாம் தரம் கேட்காத ஊர்

நெதர்லாந்தில் யார் வீட்டுக்காவது போனால் பிஸ்கட் டப்பாவை நீட்டுவார்கள். மரியாதைக்கு "வேண்டாம்" என்றால் மூடி உள்ளே வைத்துவிடுவார்கள். முதல் தடவை அந்த மூடியைப் பார்த்துக்கொண்டே பசியோடு உட்கார்ந்திருந்தேன். ஊரில் இருப்பவர்கள் சிரிக்காதீர்கள். இங்கே வரப்போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பிஸ்கட் போனால் போகட்டும், போன மாதம் ஒரு பதவியையே அப்படி விட்டேன். நான் வேலை பார்ப்பது ஒரு மென்பொருள் நிறுவனத்தில். என் மேலதிகாரி மார்லீஸ் கூப்பிட்டு, "மொத்தக் குழுவுக்கும் நீ தலைமை ஏற்கிறாயா?" என்று கேட்டார். வருடக்கணக்காக நான் ஏங்கிய நாற்காலி. என் பாழாய்ப்போன வாய், "எனக்கு எதற்கு? பீட்டர் இருக்கிறாரே. எனக்கு வீட்டில் சின்னப் பிள்ளை வேறு," என்றது. மார்லீஸ் அன்பாகத் தலையாட்டினார். "புரிகிறது, குடும்பம் முக்கியம்." இன்னொரு தரம் கேட்பார் என்று கதவு வரை மெதுவாக நடந்தேன். அவர் அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

முத்துப்பேட்டைக் கல்யாணங்களில் சஹன் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவள் வேறு எப்படிப் பேசுவாள்? ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பெண்கள் உட்காருவோம். நல்ல கறித்துண்டு என் பக்கம் இருந்தால் எதிரே தள்ள வேண்டும்.

"நீங்க எடுங்க மாமி."

"எனக்கு எதுக்கும்மா, நீ தின்னு."

இப்படிப் போய்வந்து கடைசியில் யாராவது அதைப் பிய்த்து என் பக்கம் வைப்பார்கள். முதலிலேயே கை நீட்டியவளைப் பற்றி ஊர் பேசும். பதவியையும் அப்படித்தான் தள்ளினேன். பீட்டர் எடுத்துத் தின்றுவிடுவார் என்பது அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் காலை போய், "அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டும்," என்றேன். ஆங்கிலத்தில் அது சுலபமாக வந்தது.

"நேற்று வேண்டாம் என்றாயே?"

"அது மரியாதைக்கு."

மார்லீஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்லவேளை, பீட்டரிடம் அவர் இன்னும் பேசியிருக்கவில்லை. பதவி எனக்கே வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இங்கே தகப்பன்மார் வாரத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் பிள்ளையைப் பார்ப்பார்கள், பாப்பாடாஹ் என்று அதற்குப் பெயரே உண்டு. "புதன்கிழமை நான் வேணா வீட்ல இருக்கட்டுமா?" என்றார்.

"உங்களுக்கு எதுக்கு மச்சான் சிரமம்? நான் சமாளிச்சுக்குவேன்."

"சரி," என்று போனுக்குத் திரும்பிவிட்டார். அதே முத்துப்பேட்டையில் பிறந்த மனிதர்தான், வசதிப்படும்போது மட்டும் டச்சுக்காரர்.

"இல்ல மச்சான். நீங்க இருக்கணும். எனக்கு அந்த நாள் வேணும்."

காலையில் ஆங்கிலத்தில் வந்த சொல் தமிழில் இரண்டாம் தரம்தான் வெளியே வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் எதையும் நான் நேராகக் கேட்டதில்லை. அவர் போனைக் கீழே வைத்தார்.

"சரி, வாராவாரம் இருக்கேன்," என்றவர், ஊரில் இருக்கும் தன் அம்மாவை நினைத்துக் குரலைத் தாழ்த்தினார். "உம்மாட்ட யாரு சொல்றது?"

"நீங்க சொல்லுங்க."

"நீ சொல்லு. நீதானே இப்ப தலைவி."

அத்துடன் வீட்டிலிருந்த டச்சுக்காரர்கள் காணாமல் போனார்கள். முத்துப்பேட்டைக்காரர்கள் இரண்டு பேர் மட்டும் நடுவில் கிடந்த போனை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தோம்.