மாலத்தீவிலிருந்து வந்த ஜல்லிக்கல்

ஏழாம் வகுப்பில் மாலத்தீவு எனக்குச் சொந்தமாக இருந்தது. அப்பா அங்கே போகும் தோணியில் பண்டாரி, அதாவது சமையல்காரர். தூத்துக்குடியில் வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிப் போய் இறக்கிவிட்டு வருவார்கள். ஆசிரியை வரைபடத்தில் கடுகு கடுகாகக் கிடந்த தீவுகளைக் காட்டி, ஒரு காலத்தில் அங்கிருந்து வந்த சோழியைத்தான் வங்காளத்தில் காசாகச் செலவழித்தார்கள் என்று சொன்னபோது, நானே அந்த நாட்டை ஆண்டவள் போல உட்கார்ந்திருந்தேன். அப்பா அதன் தெருவெல்லாம் நடந்தவர் என்றும் அளந்து வைத்திருந்தேன்.

பள்ளியில் கண்காட்சி வந்தது. “அங்கேருந்து அப்பாவை ஏதாவது கொண்டு வரச் சொல்லு, நடுமேசையில வைப்போம்” என்றார் ஆசிரியை. பக்கத்து பெஞ்சுக்காரிக்குப் பொறுக்கவில்லை.

“ஏளா, சோறு பொங்குறவருக்கு அங்கன என்னத்த குடுப்பாவ?”

சோழி வேண்டும் என்று அப்பாவிடம் நச்சரித்து அனுப்பினேன்.

திரும்பி வந்தவரின் துண்டு முடிச்சை அவிழ்த்தால், கறுப்பாக ஒரே ஒரு ஜல்லிக்கல். அழுகை முட்டியது. வேறு வழியில்லாமல் அதையே கொண்டுபோய் வைத்தேன்.

“இது நம்ம ஊர் ஜல்லியாச்சே” என்றார் ஆசிரியை. பெஞ்சுக்காரி சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். கண்காட்சி பார்க்க வந்து, தேய்த்த வெள்ளைச் சட்டையில் பின்னால் நின்ற அப்பா முன்னால் வந்தார்.

“ஆமா டீச்சர், நம்ம கல்லுதான். அங்கன மலையும் கிடையாது, ஆறும் கிடையாது. சுத்திக் கடலு. வீடு கெட்டணும்னா கல்லு தோணியிலதான் போகணும். அங்க எந்த மாடியத் தட்டினாலும் நாங்க கொண்டுபோன கல்லு இருக்கும்.”

ஆசிரியை கல்லை எடுத்து நடுமேசையில் வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ‘தூத்துக்குடி தூக்கி நிறுத்திய நாடு’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிச் சாய்த்து வைத்தேன். பெஞ்சுக்காரி அதை இரண்டு தடவை படித்தாள்.

போன வருடம் நர்ஸ் வேலை கிடைத்து மாலேயில் போய் இறங்கினேன். தோணிகள் கட்டும் துறையில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“எந்தத் தெருவுலப்பா நடப்பிய? சொல்லுங்க, அங்கன போறேன்.”

“ஏளா, நான் எங்க இறங்குனேன்? எல்லாரும் கரைக்குப் போயிருவாவ. அடுப்பும் நான்தான், காவலும் நான்தான். அந்தக் கல்லே, இறக்குனது போக தோணி அடித்தட்டுல மிச்சம் கிடந்ததுதான்” என்று சிரித்தார். பிறகு, “நீ இறங்கிட்டேல்லா” என்றார்.

அந்த நாட்டை அப்பா தோணியின் விளிம்பிலிருந்து மட்டுமே பார்த்தவர் என்பது அந்த ஏழாம் வகுப்புக்காரிக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த அட்டையில் ஓர் எழுத்தைக்கூட அவள் மாற்றியிருக்க மாட்டாள்.