செவுளைக் கவ்விய புழு

மீன்நோய் ஆய்வுக்கூடத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. செவுளம்மா என்று கேட்டால்தான் வாசல் காவலாளிக்கே தெரியும். கடல்மீனின் செவுளில் ஒட்டி வாழும் தட்டைப்புழுக்களை இனம் பிரிப்பது அவள் வேலை. அரிசிமணி அளவுகூடத் தேறாத உருப்படிகள். ஆனால் எந்தப் புழு எந்த மீனில், செவுளின் எந்த வளைவில் குடியிருக்கும் என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்லுவாள். இத்தனைக்கும் கடல் அவளுக்கு ஆகாது. படகில் ஏறினால் கரை மறைவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும்.

தம்பி அதற்கு நேரெதிர். மிதவைக் கூண்டுகளில் மீன் வளர்க்கும் பண்ணையில் மேற்பார்வையாளன். பாதி நாள் தண்ணீரில்தான் கிடப்பான். புழு எண்ணுவதற்கெல்லாம் சம்பளமா என்று நாலு பேர் கூடுகிற இடத்தில் அக்காவை வாருவது அவனுக்குப் பொழுதுபோக்கு. அவளும் சும்மா விடமாட்டாள். உன் உடம்பில் வருகிற மீன் நாற்றத்துக்குத் தனியாகச் சம்பளம் தருகிறார்களா என்று கேட்பாள்.

அன்று காலை அவன் கேலி பேச வரவில்லை. மூடி போட்ட டிரம்மில் இரண்டு உயிர்மீன்களைச் சுமந்துகொண்டு நேராக அவள் மேசைக்கு வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. கூண்டுகளில் மீன்கள் மேலே வந்து மந்தமாக நிற்கின்றனவாம். தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விடிந்தால் செத்து மிதக்கின்றன. உடம்பில் புழு ஒட்டியிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. முதலாளி சொன்னபடி மீன்களை அள்ளி உப்பில்லாத நல்ல தண்ணீரில் முக்கினார்கள். புழுக்கள் வெளுத்து, தொட்டியின் அடியில் செதில்செதிலாகக் கொட்டின. எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் சாவு நிற்கவில்லை. திரும்ப முக்கினார்கள். திரும்பவும் புழு கொட்டியது, திரும்பவும் மீன் செத்தது. மூன்றாம் முறை முக்குவதற்குத் தண்ணீர்ப் படகு மதியம் வருகிறது.

"இன்னொரு தடவை அள்ளி முக்கினா அலைச்சல்லயே பாதி போயிடும்க்கா. மருந்து என்னன்னு நீதான் சொல்லணும்."

மருந்து அப்புறம், முதலில் ஆள் யாரென்று தெரியட்டும் என்றாள் அவள். தம்பிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"புழுன்னா புழுதானே? இதுல ஆள் யாரு என்ன?"

அவள் ஒரு மீனை எடுத்துத் தட்டில் கிடத்தினாள். தோலை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். ஒரு புழுகூட இல்லை. முக்கியது வேலை செய்திருக்கிறது. செவுள் மூடியைத் தூக்கினாள். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய செவுள், துவைத்துத் துவைத்துச் சாயம் போன துணிபோல வெளிறிக் கிடந்தது.

செவுளை வளைவு வளைவாக வெட்டிக் கடல்நீர்க் கிண்ணத்தில் போட்டு மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள். இழைகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் இலைபோன்ற உருவங்கள் நெளிந்தன. உடம்பு முழுக்கக் கிளை விட்ட குடல், கறுப்பாக. குடித்த ரத்தத்தின் கறை அது. பார்த்ததுமே சந்தேகம் விழுந்துவிட்டது. ஆனால் சந்தேகத்தை நம்பி மருந்து ஊற்ற முடியாது.

தட்டைப்புழுவுக்கு அடையாளம் வாலில்தான் இருக்கிறது. ஒரு கூட்டத்துக்கு வாலில் கொக்கி. தோலில் மாட்டிக்கொண்டு மேல்தோலைத் தின்னும். நல்ல தண்ணீர் பட்டால் விழுந்துவிடும். இன்னொரு கூட்டத்துக்கு வாலில் வரிசையாகக் கவ்விகள். செவுள் இழையைக் கிட்டி போட்டதுபோலப் பிடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். நல்ல தண்ணீருக்கெல்லாம் அசைந்து கொடுக்காது.

தூரிகையால் ஒன்றைத் தொட்டாள். அது சுருண்டு உருண்டையாகிவிட்டது. அடுத்ததை இழுத்தாள். உடம்பு கையோடு வந்தது. வால் இழையை விடவில்லை. பின்னால் தம்பி நடந்துகொண்டே இருந்தான். அவன் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. வெளியே போடா என்று சொல்ல வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள். மூன்றாவது புழுவை இழையோடு சேர்த்தே அறுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மெல்லிய கண்ணாடியால் மூடி, ஓரத்தில் காகிதத்தை வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை உறிஞ்சினாள். புழு மெதுவாக நசுங்கி விரிந்தது. வாலின் ஒரு பக்கம் நான்கு கவ்வி, மறுபக்கம் நான்கு. சின்னஞ்சிறு பெட்டிகள்போல மூடித் திறந்துகொண்டிருந்தன.

"ரெண்டு கூட்டம்டா. நீங்க முக்கி முக்கிக் கொன்னது தோல்ல இருந்ததை. ரத்தம் குடிக்கிறது உள்ளயே உக்காந்திருக்கு."

நடந்துகொண்டிருந்தவன் கிடைத்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

கடல்நீரில் பெராக்சைடு மருந்தைக் கலந்து மீன்களைக் குளிப்பாட்ட வேண்டும். ஆனால் இவை ரத்தம் வற்றிய மீன்கள். நேரம் கொஞ்சம் நீண்டால் செவுள் வெந்து மீன் போகும். கொஞ்சம் குறைந்தால் புழு தப்பித்துக்கொள்ளும். நிறுத்த வேண்டிய நேரத்தைச் செவுளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாள். சொன்ன பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே உறைத்தது. தம்பி அவளைப் பார்த்தான்.

"படகு கீழேதான் நிக்குது" என்றான்.

மிதவைக்குப் போய்ச் சேருவதற்குள் வயிற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. முதலாளி அங்கே காத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். தண்ணீர்ப் படகைத் திருப்பி அனுப்ப அரைமனதோடுதான் சம்மதித்தார், அதுவும் ஒரே ஒரு கூண்டுக்கு. ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவன் தம்பி என்று அவள் காதுபடவே சொன்னார்.

வலையை மேலே தூக்கினார்கள். சுற்றித் தார்ப்பாயைக் கட்டி, ஆக்சிஜன் குழாயை இறக்கி, மருந்தை ஊற்றினார்கள். மீன்கள் கொஞ்ச நேரம் வட்டமடித்தன. பிறகு ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. அதையடுத்து இன்னொன்று.

அவள் பலகையில் மண்டியிட்டு ஒரு மீனை அள்ளி, செவுள் மூடியைத் தூக்கிக் கைக்கண்ணாடியால் பார்த்தாள். புழுக்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தன.

"போதும், தார்ப்பாயை விடு" என்றார் முதலாளி.

தம்பியின் கை கயிற்றில் இருந்தது, கண் அக்காவிடம். அங்கங்கே வெள்ளை வயிறுகள் மேலே வந்தன.

"மேடம், என் மீனைக் கொல்றீங்க."

அவர் சொன்னதில் பொய்யில்லை, கொன்றுகொண்டுதான் இருந்தாள். முழங்கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டு கண்ணாடியை இன்னும் கிட்டே பிடித்தாள்.

"அக்கா, விட்டுடட்டுமா?"

"விடாதே."

முதலாளி கயிற்றை நோக்கி ஓரடி வைத்தார். தம்பி நகரவில்லை, வழியை மறித்தபடி அப்படியே நின்றான். அவள் இன்னொரு மீனை அள்ளினாள். செவுளில் கோழை கட்டியிருந்தது. ஊசி முனையால் ஒரு புழுவைத் தொட்டாள். தளர்ந்த நூல்போலக் கையோடு வந்தது, வாலும் சேர்ந்து.

"இப்ப விடு."

தார்ப்பாய் சரிந்தது, கடல் உள்ளே புகுந்தது. கவிழ்ந்து கிடந்தவற்றில் சில தடுமாறி நிமிர்ந்தன. பல நிமிரவில்லை. தம்பி யாரையும் ஏவாமல் தானே அவற்றைப் பெட்டிகளில் வாரிப்போட்டான். அவள் செத்த மீன்களை வெட்டிச் செவுளை முதலாளியிடம் நீட்டினாள். அவர் கைக்கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். புழு இல்லை. திரும்ப வருமா என்று கேட்டார். வரும் என்று ஒளிக்காமல் சொன்னாள். புழுவின் முட்டையை இந்த மருந்து ஒன்றும் செய்யாது. வலையின் ஓரத்தை இழுத்துக் காட்டினாள். நூல்வால் கொண்ட முட்டைகள் மஞ்சள் பஞ்சுபோலக் கண்ணிகளில் சிக்கிக் கிடந்தன. வலை முழுவதையும் மாற்ற வேண்டும். பொரித்துவரும் குஞ்சுகள் பெரிதாகி முட்டையிடுவதற்குள் இன்னொரு குளிப்பு.

முதலாளி தலையாட்டினார். மற்றக் கூண்டுகளுக்கும் அவளே வந்து நிற்க வேண்டும் என்றார்.

நின்றாள், வாந்தி எடுத்துக்கொண்டே. கடைசிக் கூண்டு மீன்கள் மருந்தைத் தாங்கும் நிலையில் இல்லை. தொடாமல் விட்டார்கள், அது முழுவதும் போயிற்று.

இரண்டாம் குளிப்பு முடிந்து கொஞ்சநாள் கழித்து அவன் போன் செய்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுமுனையில் ஒரே சளசளப்பு. லைன் சரியில்லை, வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிடு என்று அவள் எரிந்து விழுந்தாள். அப்போதும் அவன் பேசவில்லை. போனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறான், தீவனத்துக்கு மீன்கள் துள்ளுகிற சத்தம் அது என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. வேலையை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.