எட்டு "மலட்டு" ஆடுகளும் ஒரு இல்-பிசார் பயணமும்

இல்-பிசார் தீவுக்கு ஏன் போனாய் என்று கேட்டவர்களுக்கு இதுவரை ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கிறேன். காற்று வாங்க, படகு பார்க்க, சும்மா. உண்மையில் நான் ஆட்டுத் தலை எடுக்கப் போனேன்.

ஓகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை. நான் கியூபெக்கில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கிறேன். ஓர் ஆய்வுகூடத்தில் செம்மறியாட்டு மூளையைச் சீவுவது என் வேலை. முழு மூளையையும் அல்ல, அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஹைப்போதலமஸ் என்ற சிறு துண்டை மட்டும். அதைத் தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் மண்ணிறப் புள்ளிகளை எண்ணுவேன். ஒவ்வொரு புள்ளியும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி உள்ள ஒரு கலம். ஆறு வருடமாக எண்ணுகிறேன். உயிரோடு ஒரு செம்மறியைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

அந்தக் கோடையில் புதுச் சாயம் ஒன்று சரிவராமல் என் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்தது. பழகிப்பார்க்கப் புது மூளை கிடைத்தால் நல்லது என்றிருந்தேன். என் கணவர் வழக்கம்போல எங்கோ "பங்கு" சொல்லி வைத்திருந்தார். பங்கு தெரியாதவர்களுக்கு: பல வீட்டுக்காரர் சேர்ந்து ஆடு வாங்கி, இறைச்சி, எலும்பு, ஈரல் எல்லாம் எல்லாருக்கும் சமமாக வரும்படி கூறு போட்டு எடுப்பது. இந்த முறை மாதா திருநாளுக்காக மன்னார்க்காரரான அல்பிரட் அண்ணை எட்டுச் செம்மறிகளைக் கொடுக்கிறாராம். பின்னேரம் இரண்டு மணிக்கு லொறி வந்து இறைச்சிக்கூடத்துக்கு ஏற்றிப் போகும். தலை யாருக்கும் வேண்டாமாம். ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் கேட்டேன், பழகத்தானே, கொண்டுவா என்றார். லொறியோடு தொற்றிக்கொண்டு போய்த் தலைகளை வாங்குவது என் திட்டம்.

காலை 7.40க்கு ஐஸ் பெட்டியோடு இறங்கினேன். வீட்டுப் பக்கத்து மெட்ரோவில் நீலக் கோடு, சினோடனில் மாறிச் செம்மஞ்சள் கோடு, கோட்-வெர்த்துவில் இறங்கி மேற்கே ஒரு பஸ், பெரிய கடைத்தொகுதியில் இன்னொரு பஸ். டிக்கெட் 3 டொலர் 75 சதம், இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை தரமும் மாறலாம். பஸ் இலக்கங்களை எழுதவில்லை, அவை அடிக்கடி மாறுகின்றன. இரண்டாவது பஸ்ஸுக்கு 34 நிமிடம் நின்றேன். எனக்கு நிற்க வராது. தரிப்பிடத்தை எத்தனை முறை சுற்றினேன் என்று தெரியாது, அங்கிருந்த ஒரு மனுசி என் பெட்டியைப் பார்த்து மூக்கைச் சுருக்கினா. உள்ளே வெறும் ஐஸ்தான்.

பாலம் தாண்டினால் தீவு. பெரிய பெரிய தனி வீடுகள், வெட்டி ஒழுங்காக்கிய புல், வீதியில் ஒரு மனிதர் இல்லை. 9.55க்கு இறங்கியபின் 2.8 கிலோமீட்டர் நடை, பெட்டியோடு 45 நிமிடம். தோள் கழன்றுவிட்டது.

அல்பிரட் அண்ணை லாசாலில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு கியூபெக்காரரின் காணியில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்து, மார்ச்சில் எட்டுப் பெட்டைச் செம்மறிகளையும் ஒரு கடாவையும் வாங்கி விட்டிருந்தார். மனைவி பிலோமினா அக்கா எனக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி தந்துவிட்டு வேலியோரம் தண்ணீர் வாளியோடு நின்றா. ஆடுகள் நிழலில் கறுத்த முகத்தை ஒரே பக்கம் வைத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. எனக்கு ஒருமாதிரியாக இருந்தது. இத்தனை வருடம் எண்ணியது இந்த முகங்களுக்குப் பின்னால் இருப்பதைத்தான்.

வளர்க்க வாங்கியதை ஏன் விற்கிறீர்கள் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"மலட்டு ஆடு தங்கச்சி. அஞ்சு மாசமாக் கடாவோட நிக்குது. ஒண்டுகூடச் சினைப்படேல்லை. கடா கிட்டப் போனா உதைக்குதுகள். மலட்டை வைச்சு என்ன செய்யிறது?"

பிலோமினா அக்கா வாளியை வைத்துவிட்டு உள்ளே போனா. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. உறைத்தது வேறொன்று. மார்ச்சிலிருந்து ஓகஸ்ட். கறுத்த முகம்.

மன்னாரில் பிறந்தவருக்கும் யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கும் ஆட்டுக்குப் பருவம் என்றொன்று இருப்பது ஊரில் தெரிய வழியில்லை. எங்கள் ஊரில் பகலும் இரவும் வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே நீளம், ஆடு நினைத்த மாதத்தில் ஈனும். இங்கே கோடையில் வெளிச்சம் இரவு ஒன்பது மணி வரை நிற்கிறது. இந்தக் கறுத்த முக இனத்துச் செம்மறியின் மூளை பகலின் நீளத்தை அளந்துகொண்டே இருக்கும். பகல் நீண்டிருக்கும் மாதங்களில் துளி ஈஸ்ட்ரோஜன் வந்தாலும் அந்த ஏற்பிகள் அதைப் பிடித்து, இனப்பெருக்கத்துக்குப் பிரேக் போடும். பகல் குறுகக் குறுகப் பிரேக் தளரும். பிறகு அதே ஹோர்மோன், அதே மூளையில், முட்டையை வெளியே விடு என்று கட்டளை போகக் காரணமாகும். இன்னொரு வேடிக்கை, கடைசிக் கட்டளை கொடுக்கும் கலங்களில் அந்த முக்கிய ஏற்பி இல்லை. பக்கத்துக் கலங்கள் ஹோர்மோனைக் கேட்டு அவற்றுக்குச் சொல்கின்றன. எங்கள் சனத்துக்குள் செய்தி பரவுவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

இதையெல்லாம் அவருக்குச் சொன்னால் என் தலைகள் போய்விடும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அந்த யோசனை வந்தது. கோடைக்காலத்து மூளை, பிரேக் போட்டபடி இருக்கும் மூளை, அதுவும் எட்டு. தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு ஆடு எழும்பி வந்து என் சப்பாத்தை முகர்ந்தது. சொல்லிவிட்டேன்.

ஆடு மலடில்லை, மாதம் பிழை, இன்னும் ஏழெட்டுக் கிழமை பொறுங்கள் என்றேன். அண்ணை சிரித்தார். ஆட்டுக்கு நாட்காட்டி தெரியுமோ என்றார். மூளை, வெளிச்சம், ஏற்பி என்று கையைக் காலை ஆட்டி விளக்கினேன். நான் வளர்த்திருக்கிறேனா என்று கேட்டார். இல்லை. கிட்ட நின்று பார்த்தாவது? இன்றைக்குத்தான். அதற்குமேல் என் படிப்புக்கு மரியாதை கிடைக்கவில்லை. நியாயம்தான். கோயில் சனத்துக்குச் சொன்ன சொல் இருக்கிறது, திருநாளுக்கு இறைச்சி இல்லையென்றால் எந்த முகத்தோடு போவது என்றார். கடைசியில், கொஞ்சம் யோசிக்க விடுங்கோ என்றார். அப்போது மணி 11.50.

இருக்க முடியவில்லை. படகுத்துறைக்கு நடந்தேன், 1.6 கிலோமீட்டர். கோடையில் மட்டும் லாவாலுக்கு ஓடும் சின்னப் படகு, நாலைந்து கார் கொள்ளும். காசு மட்டும்தான் எடுக்கிறார்கள், நடந்து ஏறிய என்னிடம் அன்று இரண்டு டொலர் வாங்கினார்கள். அக்கரை போக ஐந்து நிமிடம்கூட இல்லை. இறங்காமல் திரும்பி வந்தேன். மறுபடி போனேன். மூன்றாவது முறை படகுக்காரர், அம்மணி எங்கே போகிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டார். எங்கும் இல்லை என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு அந்த முறை காசு வாங்கவில்லை. தண்ணீர் அழகாக இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை. என் மனதில் வேறொன்று அரித்தது: நான் பிழையென்றால்? அந்த ஆடுகளுக்கு உண்மையிலேயே ஏதும் குறை இருந்தால்? எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருக்கும் புள்ளிகள்.

1.25க்குத் திரும்பியபோது இருவரும் மேசையில் எதிரெதிரே இருந்தார்கள். போன வருடம் இவை குட்டி போட்டனவா என்று விற்றவரைக் கேட்டீர்களா என்றேன். முந்தின வருடம் போட்டதாம், போன வருடம் விற்ற மனுசியிடம் கடா இருக்கவில்லையாம். வேறு ஏதும் சொன்னாவா? அண்ணை தலையாட்டினார், இல்லை. பிலோமினா அக்கா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னா.

"சொன்னவ. கடாவைக் காட்டி ஒத்தோன், ஒத்தோன் எண்டு ரெண்டுதரம் சொன்னவ. இவர் உய், உய் எண்டு தலையாட்டினவர்."

ஒத்தோன் என்றால் பிரெஞ்சில் இலையுதிர் காலம். அண்ணைக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும், இருபத்தெட்டு வருடம் இங்கே வேலை செய்தவர். கொழுக்கவைத்து இலையுதிர் காலத்தில் விற்கச் சொல்கிறா என்று அவர் நினைத்திருக்கிறார். கடாவை அப்போது விடு என்று சொன்னதாக அவருக்குத் தோன்றவேயில்லை. ஊரில் எவர் அப்படிச் சொல்வார்? கொஞ்ச நேரம் மேசைத் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தொலைபேசியை எடுத்து ஒவ்வொரு பங்குக்காரராகக் கூப்பிடத் தொடங்கினார். நாலாவது ஆள் கத்தியது எனக்கே கேட்டது. லொறி சரியாக இரண்டு மணிக்கு வந்தது, ஓட்டுநர் வெறும் லொறியைத் திருப்பிக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொல்லியபடி போனார்.

பஸ் தரிப்புவரை பிலோமினா அக்கா காரில் கொண்டுவந்து விட்டா. வழியில் தானாகவே சொன்னா. பிள்ளைகள் இல்லை. மன்னாரில் இருந்த ஒன்பது வருடமும் மாமியார் வீட்டில் தன்னை அந்தச் சொல்லால்தான் கூப்பிட்டார்களாம். அண்ணை ஆட்டுக்குத்தான் சொல்கிறார் என்று தெரியும், ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் அதைக் கேட்கத் தன்னால் முடியவில்லை என்றா. ஆறு வருடம் அந்தச் சொல்லின் மூளைப்பக்கத்தையே வெட்டிப் பார்த்துவிட்டு, அது ஒரு மனுசியை எங்கே குத்தும் என்று யோசிக்காமல் இருந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. இறங்கும்போது ஒரு யோசனை மட்டும் சொன்னேன், செப்டெம்பரில் கடாவின் நெஞ்சில் சிவப்புச் சாயம் பூசிவிடுங்கள், அது ஏறிய ஆட்டின் முதுகு சிவக்கும். எங்களுக்கு மூளை அனுப்பும் பண்ணைக் குறிப்புகளில் வாசித்தது அது.

போக நினைப்பவர்களுக்கு: வார நாளில் காலையிலேயே புறப்படுங்கள், பின்னேரம் பஸ் மணித்தியாலத்துக்கு ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். தண்ணீர் கொண்டுபோங்கள், வழியில் தெப்பனர் என்கிற சின்ன மூலைக்கடைகூட ஒன்று நான் காணவில்லை. படகுக்குச் சில்லறை வேண்டும், புறப்படுமுன் அது ஓடுகிறதா என்று பாருங்கள். நான் மொத்தம் 11 டொலர் 50 சதம் செலவழித்தேன். கனமான பெட்டி எதுவும் தூக்காதீர்கள். விற்பவர் ஒரு சொல்லை இரண்டு தரம் சொன்னால், விளங்கிவிட்டது என்று தலையாட்டாமல் திருப்பிக் கேளுங்கள்.

செப்டெம்பர் முழுக்க எனக்கு நிம்மதியில்லை. தொலைபேசி எடுத்துக் கேட்கப் பயம், கேட்காமலும் இருக்க முடியவில்லை. ஒக்டோபர் கடைசியில் பிலோமினா அக்காவே எடுத்தா. ஆறு ஆட்டுக்கு முதுகு சிவந்துவிட்டது, இரண்டு இன்னும் வெள்ளையாகவே நிற்கின்றன. நான் உடனே ஆய்வுகூடக்காரியாகிவிட்டேன். செம்மறியின் சுற்று பதினேழு நாள், இன்னொரு சுற்றுப் பாருங்கள், அதற்குப் பிறகும் சிவக்காவிட்டால் யோசிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அக்கா இடையில் நிறுத்தினா.

"யோசிக்க ஒண்டுமில்லைப் பிள்ளை. போட்டாப் போடட்டும், போடாட்டியும் நிக்கட்டும். நான் அதுகளுக்கும் சேர்த்துத்தான் வைக்கோல் வாங்கி வைச்சிருக்கிறன்."