உப்புத் தண்ணீரில் அவரை வேர்

பிள்ளைகளே, செடிக்குள்ளும் மின்சாரம் உண்டு என்றால் சிரிக்கிறீர்கள். நான் கண்ணால் பார்த்தவன்.

அப்போது நெய்வேலியில் மீட்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் எனக்கு வேலை. கூட வேலை பார்த்த நண்பருடைய ஊரைச் சுரங்கத்துக்காக எடுத்துவிட்டார்கள். அவர் கொண்டுவந்த அவரை விதைகளில் ஒன்றுதான் முளைத்தது. குவார்ட்டர்ஸ் மண் ஒத்துக்கொள்ளவில்லை என்று, அதைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பட்டறை ஜன்னலில் வைத்திருந்தார்.

ஒருநாள் எங்கள் என்ஜினீயர், பாட்டரியில் ஓடும் நுட்பமான மீட்டர் ஒன்றின் கம்பிகளை ஈரத் திரியால் அந்த வேரோடு சேர்த்தார். மீட்டர் முள் மெல்ல வலப்பக்கம் போனது. நின்றது. திரும்பி வந்தது. ஒரு டீ குடிக்கும் நேரத்துக்கு ஒருமுறை, யாரோ மூச்சு விடுவதுபோல.

"லைன் கசியுதுங்க சார்," என்றார் நண்பர்.

மெயினை இறக்கினோம். மின்விசிறிகள் நின்று, பட்டறையே அடங்கிப்போனது. முள் மட்டும் போய்ப்போய் வந்தது.

"வளர்ற வேர் அப்படித்தான்," என்றார் என்ஜினீயர். "தண்ணியில கரைஞ்ச உப்பெல்லாம் மின்சாரம் சுமக்கிற துகளா இருக்கும். வேர் அதை உள்ள இழுக்கும், வெளிய விடும். அந்த ஓட்டம் ஏறி இறங்குது." சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

எர்த் குழியில் மின்சாரம் நன்றாக இறங்க உப்புக் கொட்டுவது எங்கள் வழக்கம். அதே நினைப்பில் நண்பர் தம் சாப்பாட்டு உப்பை டம்ளரில் போட்டார். "இப்ப பாருங்க, எப்டி ஆடுதுன்னு."

முள் ஒருமுறை துள்ளி, நின்றுவிட்டது. இலை பச்சையாகத்தான் இருந்தது.

"இன்னாங்க, தூங்கிகினு கீதா?" என்று சிரித்தவர், சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார்.

திரும்பி வந்த என்ஜினீயர் டம்ளர் தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்த்தார். "உப்பா? இவ்ளோ உப்புல வேர் செத்துரும். கழுவுங்க."

"எங்க ஊர்ல இருந்து மிச்சம் இது ஒண்ணுதாங்க சார்."

நல்ல தண்ணீர் மாற்றிவிட்டு உட்கார்ந்தோம். மெயினைப் போட யாருக்கும் தோன்றவில்லை. டீ வந்து ஆறியது. வெகுநேரம் கழித்து முள் நூலளவு நகர்ந்தது. பிறகு இன்னும் கொஞ்சம்.

நண்பர் கம்பிகளைக் கழற்றினார். "போதும் சார். இனிமே அத்த யாரும் பாக்க வாணாம்."

பக்கத்துக் குறிஞ்சிப்பாடியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து நட்டார். கொடி பிழைத்து வேலியில் ஏறியது. விதைக்குப் போக மிஞ்சிய காயை நமக்கும் கொடுத்தனுப்பினார். உங்கள் அம்மா அதை நறுக்கும்போது நான் சமையலறைப் பக்கம் போகவில்லை.