அக்கா கல்யாணத்துக்கு ஒரு செம்புக் குழாய்

எங்கள் கார் நிற்க மாட்டேன் என்று அடம் பிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அதற்கு வேறு இடமா கிடைக்கவில்லை? முதல் பூசை முடிந்து ஊர்ச் சனமெல்லாம் மாதா கோயில் வாசலில் நிற்கிறது. இரண்டாம் பூசைக்கு நாங்கள் போய் இறங்குகிறோம். அப்பா பிரேக்கை மிதித்தார். மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கார் கோயில் வாசலைக் கடந்தது, கும்பிட்ட கையோடு நின்ற உபதேசியாரைக் கடந்தது, குதிரை வண்டிப் பேட்டையில் குவித்திருந்த புல்லுக்குள் மூக்கை நுழைத்துத்தான் நின்றது. குதிரை ஒன்று தலையைத் தூக்கி எங்களை ஒரு பார்வை பார்த்தது. பிறகு பானெட் மேல் கிடந்த புல்லை மெல்லத் தொடங்கியது. அப்பா இறங்கி, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவைப் பதமாகச் சாத்தினார். தினமும் அங்கேதான் காரை நிறுத்துகிறவர் போல விறுவிறுவென்று கோயிலுக்குள் போய்விட்டார். அம்மாவும் அக்காவும் நானும் முக்காட்டை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினோம்.

அன்று எனக்கு ஒரு மந்திரமும் மனசில் ஓடவில்லை. அடுத்த வாரம் புதன்கிழமை அக்காவுக்குக் கல்யாணம். மணப்பெண் காரில் போவாள், முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் பூக்கூடையோடு நான் உட்கார்ந்திருப்பேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி முடித்திருந்தேன். எனக்கு ஒன்பது வயது. வேறு என்ன கவலை இருக்க முடியும்?

திரும்பும்போது குதிரை வண்டிதான். வீட்டு வாசலில் இறங்கியதும் அம்மா ஒரேயடியாகச் சொன்னாள்: "புதன்கிழமைக்குள்ள அது நிக்கிற இடத்துல நிக்கலன்னா, எம் மக இந்த வண்டியிலயே போவா. அந்தக் காரைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருவேன்."

அப்பாவுக்கு உயிர் போய் உயிர் வந்திருக்கும். கொடைக்கானல் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன கறுப்புக் கார் அது. மலை மழையில் வருஷக்கணக்காக நனைந்தது. அப்பா அதைத் துடைக்கிற அழகைப் பார்த்தால் எங்கள் யாரையும் அவர் அப்படிக் குளிப்பாட்டியதில்லை என்று தோன்றும்.

அப்பா பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். பொய் சொன்னால் அடி. உண்மையைச் சொல்லத் தாமதித்தாலும் அடி. பங்குக் கோயிலின் மதுவிலக்குச் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். அந்தக் காலத்தில் ராஜ்யம் முழுக்க மதுவிலக்கு. சிறுமலை அடிவாரத்தில் போலீஸ்காரர்கள் சாராய ஊறலைப் பிடித்தால், பானை, மூடி, குழாய் என்று பட்டியல் போட்டுச் சாட்சிக் கையெழுத்துக்கு அப்பாவைத்தான் கூட்டிப்போவார்கள். வீடு திரும்பியதும் குளித்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மைத்துனர் எங்கள் மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி. ஆத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் கிணற்று ஆயில் எஞ்சின்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். அவர் கை பட்டால் எந்த எஞ்சினும் ஓடும். சாயங்காலமானால் அவருக்குத்தான் கால் நடக்காது. அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு அந்த நிலையிலேயே வந்து, சம்பந்தியைக் கட்டிக்கொண்டு, எங்க பிள்ளையை நல்லா வச்சுக்கங்க என்று அரை மணி நேரம் அழுதுவிட்டார். அன்றோடு முடிந்தது. கல்யாணத்துக்கும் அவர் வரக் கூடாது, இந்த வாசல்படியை மிதிக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். தாய்மாமன் இல்லாமல் ஒரு கல்யாணமா? அம்மா அழுது பார்த்தாள். குழம்பில் உப்புப் போடாமல் பார்த்தாள். அப்பா உப்பில்லாமலே சாப்பிட்டார்.

திண்டுக்கல்லில் வேறு மெக்கானிக்கே இல்லையா என்று கேட்பீர்கள். அப்பாவும் தேடினார். ஒருவர், மெட்ராஸிலிருந்து சாமான் வர ஒரு மாதமாகும் என்றார். இன்னொருவர், கைப் பிரேக்கை வைத்தே ஓட்டுங்கள் சார், கல்யாணத்துக்கு மெதுவாகத்தானே போவீர்கள் என்றார். அம்மா யாரையும் கேட்காமல் ஆத்தூருக்கு ஆள் அனுப்பிவிட்டாள். வந்தால் வேலையைச் செய்யட்டும், ஆனால் வாசலோடு என்றார் அப்பா.

மாமா வந்தார். பேட்டையிலிருந்து தள்ளிவந்து வாசலில் நிறுத்தியிருந்த காருக்கடியில் மல்லாக்கப் படுத்து உள்ளே போனார். அப்பா வாசல்படியில் நின்றார். இருவருக்கும் நடுவே நாலடி தூரம்தான். ஆனாலும் நிச்சயதார்த்தத்திலிருந்து அப்பா மாமாவோடு நேரே பேசுவதில்லை. நான் நடுவில் நின்று பேச்சைக் கடத்தினேன்.

"என்ன கோளாறுன்னு கேளு பாப்பா."

"பின் சக்கரத்துக்குப் போற பைப்பு துருப்பிடிச்சுச் சல்லடையாப் போச்சுன்னு சொல்லு தாயி. தொட்டா அப்பளமா நொறுங்குது. பிரேக் ஆயில் பூரா வழியிலேயே ஒழுகிருச்சு."

"மாத்து பைப்பு கிடைக்குமான்னு கேளு."

மாமா காருக்கடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தார். "செம்புக் குழாய் இருந்தாப் போதும். கொண்டாரேன்னு சொல்லு" என்றார் மாமா. எங்கிருந்து என்று அப்பா கேட்கச் சொன்னார். மாமா அதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தார். சைக்கிள் கேரியரில் சாக்குப்பை. பைக்குள் பெரிய முறுக்கு மாதிரி சுருட்டிய செம்புக் குழாய். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார்.

"எங்கே கிடைச்சதுன்னு கேளு பாப்பா."

"ஆஸ்பத்திரியில மருந்துக்குத் தண்ணி காய்ச்சி வடிப்பாகல்ல, அந்த மிஷினு பழசாயிருச்சு. அதுல உள்ளது" என்றார் மாமா, காரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு.

நான் குழாயை முகர்ந்து பார்த்தேன். அழுகின பழமும் வெல்லமும் கலந்த ஒரு புளித்த வாடை. எனக்கு நன்றாகப் பழகின வாடை. "மாமா, இதுல உங்க வாசனை அடிக்குது!" என்று கத்தினேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "நல்லாக் கழுவச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா உள்ளே போனார். ஆஸ்பத்திரிச் சாமான், நோய் தொற்றும் என்று பயப்படுகிறார் என நினைத்துக்கொண்டேன்.

அப்பா தலை மறைந்ததும் அம்மா மாமாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "பாவி! இதைக் கழட்டிட்டு வந்துட்டியே, இனி நீ எங்கடா போவே?"

"போக இடமில்லாமப் பண்ணிக்கிட்டுத்தாங்க்கா வந்துருக்கேன்."

மாமா குடியிருந்த வீடு இடிந்துவிட்டதாக்கும் என்று எனக்கு ஒரே துக்கம்.

கழுவினால் மட்டும் போதாதாம். செம்பு இளக வேண்டுமென்றால் நெருப்பில் காட்ட வேண்டுமாம். அம்மாவின் கரியடுப்பை வாசலுக்குக் கொண்டுவந்து குழாயைச் சுட்டார் மாமா. அடேயப்பா! அதற்குள் எத்தனை நாள் மிச்சம் ஒட்டியிருந்ததோ, குப்பென்று கிளம்பியது. தெருவே மூக்கை நிமிர்த்தியது. எதிர்வீட்டுப் பெரியவர் சாய்வு நாற்காலியில் எழுந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். மதுவிலக்குச் சங்கத்தின் பெயர்ப்பலகை எங்கள் கேட்டில்தான் தொங்கியது. அம்மா பதறிப்போய்க் கைநிறையச் சாம்பிராணியை அள்ளிக் கரியில் கொட்டினாள். இப்போது சாராயமும் சாம்பிராணியும் சேர்ந்து மணத்தது. அப்பா வெளியே வருவார், ஒரு பிரளயம் நடக்கும் என்று பார்த்தேன். தெருப்பக்க ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம்தான் கேட்டது.

சனிக்கிழமை முழுக்கக் குழாயை நிமிர்த்தி வளைக்கும் வேலை. ஒரு நுனியை முருங்கை மரத்தில் கட்டிவிட்டு அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் இழுத்தோம். கல்யாணப் பெண் மஞ்சள் பூசின கையோடு இழுத்தாள். பழைய துருப் பைப்பைத் தரையில் போட்டு, அதைப் பார்த்துப் புதியதை வளைக்க வேண்டும். நசுங்காமல் வளைய அம்மிக் குழவியின் மேல் வைத்து வளைத்தார் மாமா. அன்று மத்தியானம் வெஞ்சனத்துக்கு அரைத்த துவையலில் என்ன ருசி வந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

என்னிடம் ஒரு பெரிய பொறுப்பு கொடுத்திருந்தார். குழாயின் நுனியைக் காரோடு முடுக்குகிற இரண்டு பித்தளை நட்டுகள். "பத்திரமா வச்சிரு தாயி, கேக்கும்போது குடு." இரண்டு நுனியையும் தட்டித் தட்டிப் புனல் மாதிரி விரிக்க வேண்டும், அந்த விரிந்த வாயை நட்டு இறுக்கிப் பிடித்தால்தான் எண்ணெய் ஒழுகாது. மாமா பிடிக்கருவியில் குழாயைக் கவ்வி, வேர்க்க விறுவிறுக்கத் தட்டினார். இரண்டு வாயும் பூ மலர்ந்த மாதிரி விரிந்தன. அம்மா பார்த்துப் பூரித்துப்போனாள். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க அந்த நட்டு?" என்றார். நான் உள்ளங்கையை விரித்தேன்.

மாமா நட்டைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். தலையில் கைவைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாயை விரிப்பதற்கு முன்னால் நட்டைக் குழாயில் கோத்திருக்க வேண்டும். இப்போது விரிந்த வாய்க்கு மேல் எந்த நட்டு ஏறும்?

"ஏ பிள்ளே, கையில வச்சுக்கிட்டு சும்மாவா நின்ன?"

"நீங்க கேக்கலையே மாமா!"

உள்ளே ஜன்னலுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். இருமல்தானா, சிரிப்பா என்று தெரியவில்லை. ஒரு நுனியை அறுத்து, நட்டுகள் இரண்டையும் கோத்து, மறுபடி விரித்து முடிக்கத் திங்கட்கிழமை பொழுது சாய்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் குழாயைப் பூட்டியாயிற்று. புது பிரேக் ஆயில் ஊற்றியாயிற்று. குழாய்க்குள் மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருவர் மேலே பிரேக்கை மிதித்துப் பிடிக்க, ஒருவர் கீழே திருகாணியைத் திறந்து மூட வேண்டும். உட்கார்ந்தால் எனக்குக் கால் எட்டாது என்பதால் பெடல் மேல் ஏறி நின்று ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டேன். "அமுக்கு தாயி. நான் விடுன்னு சொல்ற வரைக்கும் விட்டுறாத. விட்டியோ, காத்து திரும்ப உள்ள போயிரும். அப்புறம் நாளைக்கு ஜட்கா வண்டிதான்."

அமுக்கினேன். அந்த நேரம் பார்த்துக் கேட்டைத் திறந்துகொண்டு ஏட்டையா வந்தார்.

ஊறல் பிடித்தால் அப்பாவைக் கூட்டிப்போகிற அதே ஏட்டையா. வாசல்படியில் நின்ற அப்பாவிடம் நேரே போனார். கீழே மாமா இன்னும் விடு என்று சொல்லவில்லை. நான் அமுக்கியபடியே நின்றேன்.

"நேத்து அடிவாரத்துல ஒண்ணு பிடிச்சோம் சார், கல்யாண வீடுன்னு உங்களைக் கூப்பிடல. பானை இருக்கு, அடுப்பு இருக்கு, ஊறல் அம்புட்டும் இருக்கு. செம்புக் குழாயை மட்டும் நமக்கு முந்தி எவனோ கழட்டிட்டுப் போயிட்டான். குழாயில்லாம கேசு நிக்காது. உங்களுக்கு எதும் காதுல விழுந்துச்சா?"

அப்பா பதில் சொல்ல இவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை.

"காதுல ஒண்ணும் விழலையே" என்றார் அப்பா. பிறகு, "குழாய் போனதும் நல்லதுதானே ஏட்டையா? அது இல்லாம இனி காய்ச்ச முடியாதில்ல?" என்றார்.

"அதுஞ் சரிதான்" என்று சிரித்துவிட்டு ஏட்டையா பட்டியலை நீட்டினார். அப்பா கையெழுத்துப் போட்டார். ஏட்டையாவின் பார்வை காருக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்களின் மேல் போய் நின்றது. "அது யாரு சார்?"

எனக்குக் கால் மரத்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என் மைத்துனர்" என்றார் அப்பா. "பொண்ணுக்குத் தாய்மாமன். கல்யாணத்துக்கு வந்திருக்கார்."

ஜன்னலுக்குப் பின்னால் அம்மாவின் வளையல் சத்தம் நின்றுபோனது. காருக்கடியில் மாமாவின் கால் விரல் பத்தும் சுருங்கி விரிந்தன. நான் அதற்கு மேல் தாங்க மாட்டாமல், "மாமா, விடவா?" என்று ஊர் கேட்கக் கத்தினேன்.

"விடு தாயி" என்றார் மாமா. சளி பிடித்த மாதிரி இருந்தது குரல்.

அன்று சாயங்காலம், கல்யாணத்துக்கு முன்னால் குடும்பத்தோடு போய், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணுகிற வழக்கப்படி எல்லாரும் கோயிலுக்குக் கிளம்பினோம். நான் ஓடிப்போய் முன் சீட்டில் ஏறினேன். அப்பா என்னைத் தூக்கிப் பின்னால் வைத்தார். மாமாவைப் பார்த்து, நேருக்கு நேராக, "மாப்ளே, ஏறுங்க. நாளைக்கும் இதுதான் உங்க இடம்" என்றார். வகுப்பில் என்ன சொல்வேன்? நான் தேம்பித் தேம்பி அழுதேன். பார்த்தால் மாமாவும் அழுதுகொண்டிருந்தார். விரும்பிய சீட்டு கிடைத்தும் அழுகிறவரை அன்றுதான் பார்த்தேன்.

கார் கோயில் வாசலில், கோடு போட்ட மாதிரி நின்றது. பேட்டைக் குதிரை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஏமாந்து குனிந்துகொண்டது.

சாமியாரிடம் முதலில் மாமா போனார். எவ்வளவு நேரம்! வெளியே வந்து முழங்காலில் நின்று, சாமியார் கொடுத்த அபராத மந்திரங்களைச் சொல்லி முடித்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அடுத்து அப்பா போனார். அப்பாவுக்கு எப்போதும் மூன்று பிரியதத்த மந்திரம்தான் அபராதம். அன்றோ தூணுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றவர் எழுந்திருக்கவேயில்லை. ஜெபமாலை மணி ஒவ்வொன்றாக உருண்டுகொண்டே இருந்தது. மாமாவே முடித்துவிட்டார். அப்பாவுக்கு அப்படி என்ன பாவம்?

அம்மாவிடம் கேட்டேன். அவள் சிரிக்கவும் செய்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "பிரேக் நல்லபடியாப் பிடிக்கணும்னு வேண்டிக்கிறாருடி" என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. நானும் போய் அப்பாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். ஜெபமாலையின் கடைசிப் பத்து மணிகளுக்கு வந்திருந்தார்.

"பிரேக்குக்காகத்தானேப்பா?" என்று காதில் கேட்டேன்.

"ஆமா பாப்பா" என்றார்.

சொன்னவர் அப்படியே நின்றார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, மாலையைத் திருப்பிப் பிடித்து, முதல் மணியிலிருந்து மறுபடியும் தொடங்கினார். நான் குறுக்கே பேசியதில் அப்பாவுக்கு எண்ணிக்கை தவறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வாயைத் திறக்காமல் இருந்தேன்.